மெமரி கூட்டக் கிளம்பும் முன்: ரேம் எது, ஹார்டு டிஸ்க் எது?

கல்லூரி திறக்கிற ஜூன் மாதம் வந்துவிட்டால் திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இதுதான்: “அண்ணாச்சி, இது ஆன் ஆகதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துரலாம் போல. மெமரி கூட்டிக் குடுங்க.” நல்ல கடைக்காரர் என்றால் உடனே திருப்பிக் கேட்பார்: “எதக் கூட்டணும்? ரேமா, டிஸ்க்கா?” அவர் கேட்காமல் விட்டால் நீங்களாவது கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் வேறு வேறு பொருள். விலை வேறு, வேலை வேறு. ஒன்றின் குறைக்கு இன்னொன்றை வாங்கிப் போட்டால் காசு போகும், லேப்டாப் பழையபடிதான் ஓடும்.

இந்தக் கட்டுரை முதல் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வாங்கியதை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்களுக்கும், சின்ன ஜெராக்ஸ் கடை, டைப்பிங் கடை நடத்துபவர்களுக்கும் உதவும். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். ஸ்குரூடிரைவரைக் கடைசியில் எடுத்தால் போதும்.

இரண்டு எண்கள்

லேப்டாப் பெட்டியில் “8 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி” என்பது போல ஒட்டியிருப்பார்கள். சின்ன எண் ரேம். பெரிய எண் சேமிப்பு. அது சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருக்கலாம், சுழலும் பாகமே இல்லாத, சிப்பால் ஆன எஸ்எஸ்டியாகவும் இருக்கலாம். இரண்டையும் ஜிபியிலேயே அளப்பதால்தான் பாதிக் குழப்பம்.

நம் ஊர்க்காரர்கள் சென்னையில் போய்ப் பலசரக்குக் கடை போட்டாலும் அதற்கு அண்ணாச்சி கடை என்றுதான் பெயர். அந்தக் கடையையே எடுத்துக்கொள்வோம். பின்னால் குடோன், அரிசி மூட்டை, பருப்பு மூட்டை, எண்ணெய் டின் எல்லாம் அங்கே. முன்னால் மேசை, நிறுப்பதும் பொட்டலம் மடிப்பதும் அதில்தான். கேட்ட சாமானைக் குடோனிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்த பிறகே வேலை ஓடும். மேசை ரேம், குடோன் டிஸ்க். ராத்திரி ஷட்டர் இறக்கும்போது மேசை காலி. குடோனில் இருப்பது அப்படியே இருக்கும். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குச் சாமான் கட்ட வேண்டி வந்து மேசையும் சின்னதாக இருந்தால், பாதி கட்டியதைக் குடோனில் கொண்டு வைத்துவிட்டு அடுத்தவர் சாமானை எடுத்து வர வேண்டும். பையன் உள்ளுக்கும் வெளிக்கும் நடந்துகொண்டே இருப்பான்.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ஒரு வேர்டு கோப்பைத் திறந்தால் டிஸ்க்கில் இருப்பதன் நகல் ரேமுக்கு வருகிறது. நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் ரேமில்தான் விழுகிறது. சேவ் கொடுக்கும்போது அது திரும்ப டிஸ்க்குக்குப் போகிறது. ரேம் நிறைந்துவிட்டால் விண்டோஸ் அதில் கொஞ்சத்தை டிஸ்க்கில் உள்ள ‘பேஜ் ஃபைல்’ என்ற இடத்தில் ஒதுக்கிவைத்து, வேண்டும்போது இழுத்துக்கொள்கிறது. நாம் ‘ஹேங் ஆகுது’ என்று சொல்வது பல நேரம் இந்த இழுபறியைத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

ரேமில் ஒவ்வொரு பிட்டும் (தகவலின் மிகச் சிறிய துண்டு) கண்ணுக்குத் தெரியாத ஒரு கெபாசிட்டரில் மின்னூட்டமாக நிற்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் சுமார் 64 மில்லி நொடிக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் படித்து மறுபடி நிரப்ப வேண்டும். கரண்ட் போனால் நிரப்ப ஆளில்லை, தகவல் கரைந்துவிடும். ஐபிஎம்மில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்டு இந்த முறைக்கு 1968-ல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு உங்கள் லேப்டாப்பிலும் போனிலும் இருப்பது அதே அடிப்படைதான்.

ஹார்டு டிஸ்க் அதைவிட மூத்தது. 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் டிஸ்க்கில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. மொத்தம் பிடித்தது 50 லட்சம் எழுத்துகள். இன்று போனில் எடுக்கிற ஒரு போட்டோவுக்கே அது சரியாகப் போய்விடும். தட்டு சுழல்வதும், காந்தத் தலை நகர்ந்து போய்ப் படிப்பதும் இன்றுவரை மாறவில்லை. லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. தலை ஓர் இடத்துக்குப் போய்ச் சேரப் பத்து மில்லி நொடிக்கு மேல் ஆகும். அதாவது ஒரு நொடிக்கு நூறு இடம் தொட்டால் பெரிது. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும். டீ குடிக்கப் போக நேரம் கிடைப்பது இதனால்தான்.

எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் கிடையாது. சிப்புக்குள் அடைபட்ட மின்னூட்டம் கரண்ட் இல்லாவிட்டாலும் தங்கும். ஒரு நொடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொடும். ஆனாலும் ரேமின் வேகத்துக்குக் கிட்டே வராது. ரேமுக்குத் தகவல் எடுக்க ஒரு நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு போதும்.

முதல் வேலை: கம்ப்யூட்டரையே கேளுங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10-ல் சின்னதாகத் திறந்தால் கீழே ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதைத் தட்டுங்கள். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போனால் இடது பக்கம் சிபியு (பிராசசர்), மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். இங்கே மெமரி என்றால் ரேம் மட்டும்தான்.

மெமரியைத் தட்டினால் மொத்த ரேம் எவ்வளவு, இப்போது எவ்வளவு ஓடுகிறது, ரேம் செருகும் ஸ்லாட் எத்தனை இருக்கிறது, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றெல்லாம் வரும். இதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது வேண்டும். 8 ஜிபி வாங்கியிருக்க 7.8 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். மிச்சத்தைத் திரைக்குப் படம் காட்டும் பகுதி பிடித்துவைத்திருக்கிறது.

டிஸ்க்கைத் தட்டினால் அது எச்டிடியா, எஸ்எஸ்டியா என்று காட்டும். எச்டிடி என்றால் சுழலும் பழைய டிஸ்க். 512 ஜிபி எஸ்எஸ்டி 476 என்றும், 1 டிபி, அதாவது ஆயிரம் ஜிபி டிஸ்க் 931 ஜிபி என்றும் தெரிவதிலும் மோசடி கிடையாது. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

இனிதான் முக்கியம். சும்மா இருக்கும் கம்ப்யூட்டரை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. நீங்கள் அன்றாடம் பார்க்கிற வேலையை அப்படியே திறந்து வையுங்கள். குரோமில் பத்து டேப், ஒரு எக்செல், வாட்ஸ்அப், பாட்டு ஓடினால் அதுவும். பத்து நிமிடம் கழித்து டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள்.

மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் பற்றவில்லை. மெமரி 60, 65-ல் இருக்க, டிஸ்க் மட்டும் அடிக்கடி 100 சதவீதத்தில் போய் நின்றால் டிஸ்க்தான் மெதுவாக இருக்கிறது. அது எச்டிடியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இரண்டும் ஏறியிருந்தால் முதலில் ரேமைச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் நிறைந்த ரேம் டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துவிடும். இரண்டும் சும்மா இருந்து சிபியு மட்டும் 100-ல் இருந்தால் இந்தக் கட்டுரையால் உங்களுக்குப் பயனில்லை. வைரஸ், தூசி அடைத்த ஃபேன், வயதான பிராசசர் என்று அது வேறு கதை.

‘சேமிக்க இடமில்லை’ என்று செய்தி வந்தாலோ, சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டினாலோ அது டிஸ்க் நிறைந்த விஷயம். எத்தனை ஜிபி ரேம் போட்டாலும் அந்தக் கோடு மாறாது.

என் அபிப்பிராயம் கேட்டால், எட்டுப் பத்து வருஷப் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மெமரி கூட்ட வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் வேண்டியது எஸ்எஸ்டி. 4 ஜிபி ரேமோடு எஸ்எஸ்டி போட்ட லேப்டாப், 8 ஜிபி ரேமோடு பழைய டிஸ்க்கில் ஓடுவதைவிடச் சுறுசுறுப்பாகத் தெரியும். ஐம்பது டேப் திறந்து வைக்கிறவருக்கு மட்டும் இது பொருந்தாது.

செலவில்லாத வேலை: இடத்தைக் காலி செய்வது

எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பட்டியல் வரும். ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ உள்ளே போய்த் தேவையில்லாததை நீக்கலாம். அந்தப் பட்டியலில் சில சமயம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். கவனிக்காமல் அதற்கும் டிக் போட்டுவிடாதீர்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யாதவரை அழித்த கோப்பு இடத்தைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும்.

ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஆதார் 1, ஆதார் 2 என்று தொடங்கி ஆதார் 46 வரை நிற்கும். பக்கத்திலேயே யாருடைய டிசியோ, சாதிச் சான்றிதழோ, பேங்க் பாஸ்புக்கோ. ஒவ்வொன்றும் சின்னக் கோப்புதான், மொத்தமாகச் சேர்த்தாலும் பெரிய இடம் வராது. ஆனால் அடுத்தவர் ஆதாரை நம் டிஸ்க்கில் வருஷக்கணக்காக வைத்திருப்பது சரியில்லை. கடை மூடும் முன் அன்றன்றைக்கு அழித்துவிடுங்கள், ஷிஃப்ட் டெலீட் கொடுத்து. உண்மையில் இடத்தை விழுங்குவது கல்யாண வீடியோவும், வாட்ஸ்அப்பில் வந்து குவிகிற வீடியோவும், யாரோ ஏற்றிவிட்டுப் போன கேமும்தான்.

சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். பேஜ் ஃபைலுக்கும் விண்டோஸ் அப்டேட்டுக்கும் இடம் வேண்டும். எஸ்எஸ்டி முட்ட நிரம்பினால் எழுதுகிற வேகமும் குறையும்.

ரேம்தான் வேண்டுமென்றால்

மூன்று விஷயம் தெரியாமல் வாங்கக் கூடாது.

தலைமுறை முதலாவது: டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. கீழே இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். அமுக்கி உட்காரவைத்தால் ஸ்லாட்தான் உடையும். பழைய லேப்டாப்கள் பலவற்றில் டிடிஆர்3எல் என்ற 1.35 வோல்ட் ரகம் வரும். சாதா டிடிஆர்3 1.5 வோல்ட். எல் எழுத்து இருக்கிறதா என்று பழைய ரேமின் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது அளவு. டெஸ்க்டாப் ரேம் நீளம், லேப்டாப் ரேம் அதில் பாதி. டாஸ்க் மேனேஜரில் ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற இடத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறது. மெல்லிசான லேப்டாப்களில் இது அதிகம். அதைக் கழற்ற முடியாது. வேறு ஸ்லாட் காலியாக இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால்தான் மெல்லிசு லேப்டாப் புதிதாக வாங்குகிறவர்களிடம், டிஸ்க்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ரேமை முதலிலேயே 16 ஜிபியாக வாங்குங்கள் என்று சொல்கிறேன்.

கடைசியாக, செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட். அங்கே 32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் அது எடுத்துக்கொள்ளாது. பிராசசர் 64 பிட் என்றால் முதலில் 64 பிட் விண்டோஸ் ஏற்ற வேண்டும்.

மாட்டுவது கஷ்டமில்லை. ஷட்டவுன் செய்யுங்கள், ஸ்லீப் போதாது. சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உள்ளே இருந்தால் மூடியைத் திறந்ததும் அதன் இணைப்பை எடுத்துவிடுங்கள். கையில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்க எதாவது ஓர் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் ரேமைச் சாய்வாகச் செருகி, பிறகு கீழே அமுக்கினால் இரண்டு பக்கக் கிளிப்பும் ‘டிக்’ என்று பிடிக்கும். தங்க நிறப் பல் வரிசையில் விரல் படக் கூடாது.

ஆன் செய்தால் திரை கறுப்பாகவே நிற்கிறதா? பீப் சத்தம் வருகிறதா? பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பழைய ரேமாக இருந்தால் பல் வரிசை கறுத்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மறுபடி மாட்டுங்கள். சர்வீஸ் கடைகளில் முதலில் செய்கிற வைத்தியமும் இதுதான்.

டிஸ்க் மாற்றுவதென்றால்

பழைய லேப்டாப்பில் இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க் இருக்கும் (சாட்டா என்பது டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் முறையின் பெயர்). அதே அளவில் சாட்டா எஸ்எஸ்டி வாங்கினால் அதே இடத்தில் உட்காரும். நொடிக்கு 550 எம்பி வரை போகும்; பழைய டிஸ்க் நூறைத் தாண்டச் சிரமப்படும். புது லேப்டாப்பில் எம்.2 என்ற சூயிங்கம் அளவு ஸ்லாட். அதில் சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்ஈ என்று இரண்டு வகை உண்டு. பார்க்க ஒன்று போல இருந்தாலும் பல ஸ்லாட்கள் ஒரு வகையை மட்டும்தான் ஏற்கும். மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பழையதை அப்படியே நகலெடுத்துப் புதிதில் போடலாம், இல்லையென்றால் விண்டோஸைப் புதிதாக ஏற்றலாம். அஞ்சாறு வருஷக் குப்பையையும் புது டிஸ்க்குக்குச் சுமந்து போவானேன்? புதிதாக ஏற்றுவதே நல்லது. போட்டோ, ஆவணங்களை முதலில் வெளியே நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று வேறு கம்ப்யூட்டரில் பார்த்த பிறகு தொடங்குங்கள். கழற்றிய பழைய டிஸ்க்குக்கு ஒரு யூஎஸ்பி பெட்டி வாங்கி மாட்டினால் அதுவே பேக்கப் டிஸ்க்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய இலவச லேப்டாப்கள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. எஸ்எஸ்டி போடுகிற கையோடு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை ஏற்றிக்கொண்டால், இணையம், டைப்பிங், படிப்பு வேலைக்கு இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.

கரண்டும் தண்ணீரும்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றால் முதல் நாளே பேப்பரில் வந்துவிடும். ஆடிக் காற்றில் போகிற கரண்ட் சொல்லிவிட்டா போகும்? யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அந்த நொடியில் ரேமில் இருந்தது போனதுதான். பேட்டரி செத்த லேப்டாப்பும் இதில் டெஸ்க்டாப்தான். வேர்டு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக ஒரு நகல் வைக்கும், ஆனால் பத்திரம் டைப் அடிப்பவருக்குப் பத்து நிமிடம் ஒரு பக்கம். பத்திக்கு ஒரு கன்ட்ரோல் எஸ் போடுங்கள்.

ஸ்லீப், ஹைபர்நேட் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான். ஸ்லீப்பில் எல்லாம் ரேமிலேயே இருக்கும், கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டே. ஹைபர்நேட்டில் ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். பேட்டரி சரியில்லாத லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் ஜங்ஷனுக்குள்ளும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குள்ளும் வந்ததைப் பார்த்தோம். அப்படி நனைந்த கம்ப்யூட்டரில் டிஸ்க்கில் இருக்கும் தகவல் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அதைக் கெடுப்பது தண்ணீரைவிட நம் அவசரம்தான். ஈரத்தோடு ஆன் செய்யாதீர்கள். ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள், டிஸ்க்கைப் பிரித்துத் துடைக்காதீர்கள். தகவல் முக்கியம் என்றால் அப்படியே ஓர் உறையில் போட்டு, தரவு மீட்கும் ஆளிடம் கொடுங்கள். இன்னொரு நகல் வேறு வீட்டிலோ, கூகுள் டிரைவ் கணக்கிலோ இருந்திருந்தால் இந்த அலைச்சலே கிடையாது.

போனிலும் இதே கணக்கு

‘8 ஜிபி, 128 ஜிபி’ என்றால் முதலாவது ரேம், அடுத்தது சேமிப்பு. வாட்ஸ்அப் ‘இடமில்லை’ என்று சொன்னால் 128 நிறைந்திருக்கிறது. ஆப் மாறும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்கினால் 8 பற்றவில்லை. மெமரி கார்டு சேமிப்பை மட்டும்தான் கூட்டும். ‘8 கூட்டல் 8, மொத்தம் 16 ஜிபி ரேம்’ என்று போர்டு வைத்தால் இரண்டாவது 8 சேமிப்பிலிருந்து வெட்டி ஒதுக்கியது. பேஜ் ஃபைலுக்கு அண்ணன் தம்பி முறை. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். உள்ளே சில ஜிபிதான் இருக்கும். கம்ப்யூட்டரில் 2 டிபி என்று பொய்யாகக் காட்டும், நிரம்பிய பிறகு பழைய கோப்பின் மேலேயே எழுதும்.

விற்கும்போது

பழைய கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போது கோப்புகளை டெலீட் செய்தாலோ, சட்டென்று ஃபார்மேட் போட்டாலோ டிஸ்க் சுத்தமாகாது. மீட்பு நிரல் ஓட்டினால் பெரும்பகுதி திரும்ப வரும். விண்டோஸின் ரீசெட்டில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்து, அதன் கூடுதல் அமைப்பில் ‘கிளீன் டேட்டா’வை ஆன் செய்து ஓட விடுங்கள். பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஆகும், சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். இயங்காத லேப்டாப்பைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதாக இருந்தால் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். ரேமை அதிலேயே விட்டுவிடலாம்; அதில் உங்களுடையது எதுவும் இருக்காது.